கண்ணாடி போட்ட வெருளி

இதை எழுதலாமா, விடலாமா என்று நான் யோசித்துக்கொண்டே இருந்ததில் எங்கள் இளைய மகன் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கலியாணம் கட்டி, அவன் தலையில் பாதி முடியும் கொட்டிவிட்டது. அவன் என் வயிற்றில் இருந்தபோது நடந்த கதை இது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதம் எழுதுவேன், தேவாரத்தைப் பார்த்து எழுதுவேன், அதற்கு மேல் பழக்கமில்லை. தயங்குவதற்கு அது ஒரு சாட்டு. உண்மையான காரணம் வேறு. இந்தக் கதையை ஒழுங்காகச் சொன்னால் என் கணவரைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். அவரை விட்டுவிட்டுச் சொன்னால் கதையே இல்லை.

ஆனால் மெல்பேர்னின் மலையடி ஊரான த பேசினில் பிள்ளையார் கோயில் வந்த பிறகு இந்தக் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் இன்னொருத்திக்கு இதைச் சொல்லிக்கொண்டு நின்றாள். அவள் சொன்னபடி, ஒரு ஜப்பான்கார மனுசி விளக்குமாற்றால் ஒரு தமிழ் மனுசனை றோட்டு முழுக்கத் துரத்தினாவாம். அந்தத் தமிழ் மனுசன் எனக்குப் பின்னால், கையில் தட்டோடு, தான் அடிவாங்கிய கதையை ஆவலாகக் கேட்டுக்கொண்டு நின்றார். இன்னொரு வீட்டில் கேட்டபோது நாங்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோமாம். வேறொரு இடத்தில் என் கணவர் இனவெறிக்கு எதிராக எழுந்து நின்ற வீரர். இந்தக் கடைசிக் கதையை மட்டும் அவர் மறுப்பதில்லை. "சனம் சொல்லுது, நான் என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டுச் சால்வையைச் சரி செய்துகொள்வார்.

அதனால் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. வெள்ளைத் தோல் இல்லாதவர்களும் உள்ளே வரலாம் என்று அவுஸ்திரேலியா கதவைத் திறந்து அதிக காலம் ஆகவில்லை. மெல்பேர்னின் கிழக்குப் பக்கம், மலை தெரிகிற ஒரு தெருவில், பழைய பலகை வீடு ஒன்றை வாங்கினோம். இவருக்குக் கார்த் தொழிற்சாலையில் மாறி மாறி வரும் நேர வேலை. மூத்தவளுக்கு நாலு வயது. அந்தத் தெருவில் வேறு தமிழர் இல்லை, பக்கத்துத் தெருவிலும் இல்லை. கும்பிடப் போகக் கோயில் இல்லை. குசினி அலுமாரியின் மேல்தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், பிள்ளையார் இருந்தார். எறும்பு அவரிடமும் வந்தது, சீனியிடமும் வந்தது.

அடுத்த வீட்டில் ஒரு ஜப்பான்கார அம்மா. உலகப் போர் முடிந்தபின் ஜப்பானில் காவல் இருக்கப் போன அவுஸ்திரேலியச் சிப்பாய்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூப்பு. நாங்கள் குடிவந்த அன்றே என் குசினி யன்னலுக்கு வெளியே வந்து நின்று, நான் சோற்றுக் கஞ்சியை வடித்து ஊற்றுவதைப் பார்த்தார். முகம் பேயறைந்தது போல ஆகிவிட்டது. உள்ளே வந்தார். பானையை என் கையிலிருந்து வாங்கி, தண்ணீரை விரலால் அளந்து, மூடி, அடுப்பைக் குறைத்து, சோறு சமைப்பது எப்படி என்று எனக்குக் காட்டினார். சோறு கட்டியாகக் களி போல வந்தது. பாவம், இந்த மனுசிக்குச் சோறு காய்ச்சத் தெரியாது என்று நான் நினைத்தேன். அவரும் என்னைப் பற்றி அதையேதான் நினைத்தார் என்று பிற்பாடு சொன்னார். உலகத்தில் சோறு சமைக்கத் தெரிந்த ஆள் தான் மட்டுமே என்று நினைக்கிற இரண்டு பெண்கள் வேலியின் இரண்டு பக்கமும் இருந்தால் சிநேகிதம் தானாக வரும்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய், "அக்கா வந்திருக்கிறா" என்று தானே சொல்லிக்கொண்டு பின்கதவால் வருவார். அவருடைய கணவர் முறைப்படி எனக்கு அத்தான். நல்ல உயரமான மனிதர், லொறி ஓட்டுபவர். அத்தான் என்பது ஏதோ பட்டம் என்று நினைத்து, என் கணவரும் தன்னை அப்படியே கூப்பிட வேண்டும் என்றார். அக்காவினுடையதும் உடைந்த இங்கிலீசு, என்னுடையது அதைவிட நொறுங்கியது. இங்கே அவர்கள் பேசியதையெல்லாம் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அவை அப்படித்தான் காதில் விழுந்தன.

இளையவன் வயிற்றில் வந்தபோது எனக்கு இருந்த ஒரே கவலை மூத்தவள்தான். நான் ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாட்களில் அவளை யார் பார்ப்பது? இவர் வேலைக்குப் போக வேண்டும். தாய் இல்லை, சகோதரி இல்லை, ஒரு தெரிந்த தமிழ்க் குடும்பம் சிட்னியில் இருந்தது. அக்காதான் சொன்னார்: "நான் இருக்கிறன். பிள்ளை என்னட்டை நிக்கட்டும்." அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மகளுக்கென்று ஒரு சின்னத் தலையணை கூடத் தைத்து வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறக்கப் போகிற பிள்ளைக்கு ஒரு அறை வேண்டும் என்று என் கணவர் வீட்டின் முன்பக்கம் மரச்சட்டம் அடித்து அறை கட்டத் தொடங்கினார். அவர் தச்சன் இல்லை. சுத்தியல் ஆணியில் படுவதும் பெருவிரலில் படுவதும் பாதிக்குப் பாதி. ஏணி சறுக்கியது. சட்டம் ஒன்று வளைந்தது. எல்லாவற்றுக்கும் அவர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"இஞ்சாரும், இது கண்ணூறு."

"இந்த றோட்டிலை போறது பால்காரனும் ஒரு நாயும்தான். ஆர் உங்கடை வீட்டைப் பாத்துக் கண்ணூறு போடுறது?"

"அந்த நாய் பாக்கிற பார்வை சரியில்லை."

எங்கள் ஊரில் வீடு கட்டும்போது முன்னால் ஒரு வெருளி வைப்பது வழக்கம். கோரமான முகம், பெரிய பல், பிதுங்கிய கண். போகிறவர் வருகிறவரின் பார்வை முதலில் அதில் விழுந்துவிட்டால் வீட்டுக்குக் கெடுதல் இல்லை. வேலை முடியும் வரைக்கும் அது நிற்க வேண்டும். முடிந்தபின் கழற்றி எரித்துவிட வேண்டும். நீத்துப்பூசணிக்காயிலும் முகம் கீறித் தொங்கவிடுவார்கள். மெல்பேர்னில் அப்போது நீத்துப்பூசணி ஏது? இவர் சந்தையில் ஒரு மஞ்சள் பூசணிக்காயை வாங்கி, முகம் வெட்டித் தொங்கவிட்டார். விடிந்து பார்த்தால் போசம் என்கிற இந்த நாட்டு மரவிலங்கு வந்து கண்ணையும் மூக்கையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. அடுத்ததாகப் பழைய காற்சட்டைக்குள்ளும் சேட்டுக்குள்ளும் பேப்பர் அடைத்து ஒரு ஆளைச் செய்து முகட்டில் தொங்கவிட்டார். தபால்காரன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். பொலிஸ்காரர் ஒருவர் வந்து, தொங்குகிறவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவர் ஆர்?" என்று கேட்டார். "வீட்டுக்குக் காவல்" என்று இவர் சொன்னார். கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

எதிர்வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். பழைய போர்வீரர். வருடத்தில் ஒருநாள் மார்பு நிறைய மெடல் குத்திக்கொண்டு ஊர்வலத்துக்குப் போவார். நாங்கள் வணக்கம் சொன்னால் எங்களுக்குப் பின்னால் உள்ள மரத்தைப் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை அவர் தன் கொட்டிலைத் துப்புரவாக்கி, பழஞ்சாமான்களைத் தெருவோரம் குவித்து வைத்தார். என் கணவர் அந்தக் குவியலில் ஒரு படத்தைக் கண்டார். தடித்த அட்டையில் ஒட்டியிருந்தது. கீழ்ப்பாதி ஈரத்தில் உரிந்து, எழுத்து இருந்திருந்தால் அதுவும் போய்விட்டது. மேலே ஒரு முகம். மஞ்சள் நிறம், குரங்கு நெற்றி, வெளியே நீட்டிய பல், பல்லில் இரத்தம், நகம் வளர்ந்த ஒரு கை, மூக்கின்மேல் வட்டக் கண்ணாடி.

இவர் கிழவரைப் பார்த்து, எடுக்கலாமா என்று கையால் கேட்டார். கிழவர் முதல்முறையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். எடுத்துக்கொண்டு போ என்று அவரும் கையால் சொன்னார்.

"பாரும், ஊரிலை காசு குடுத்தாலும் இப்பிடி ஒரு வெருளி கிடைக்காது" என்று இவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கண்ணாடி போட்டிருக்குது. எந்த ஊர்ப் பேய் கண்ணாடி போடும்?"

"படிச்ச பேய். தூரத்திலை வாற கண்ணூறும் இதுக்குத் தெரியும்."

சட்டத்தின் நடுவில், தெருவைப் பார்த்து, அதை அடித்து மாட்டினார். அடியில் ஒரு தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துக் கட்டினார். நான் சாம்பிராணி காட்டிவிட்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து நடந்ததுதான் வேடிக்கை. கிழவர் கார் எடுத்துக்கொண்டு வெளியே போகும்போதெல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்து ஹோர்ன் அடித்தார். ஒருநாள் இரண்டு பியர்ப் போத்தலைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்து, "நல்ல வேலை, மேட்" என்று முதுகில் தட்டினார். இவர் குடிக்காதவர், ஆனாலும் போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"பாத்தீரே? கண்ணூறு கழிஞ்சு போச்சு. சனம் சிரிச்சுக் கதைக்குது."

சனம் சிரித்தது உண்மை. அக்கா மட்டும் வரவில்லை. பின்கதவால் "அக்கா வந்திருக்கிறா" என்ற சத்தம் இல்லை. அவருடைய குசினி யன்னல் எங்கள் முன்பக்கத்தைப் பார்த்தது. அதன் திரை பகலிலும் இழுத்து மூடியிருந்தது. சுகமில்லையாக்கும் என்று றவைக் கேசரி கிண்டி, மகளிடம் கொடுத்துவிட்டேன். அத்தான் வாசலில் வாங்கிக்கொண்டாராம், ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் பின்னேரம் என் எவர்சில்வர்க் கிண்ணம் வேலிக்கட்டையின்மேல் இருந்தது. கழுவித் துடைத்து, பளபளவென்று, வெறுமையாக.

எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுப்போம். தங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று அக்கா சொல்லிச் சந்தோசப்பட்டிருக்கிறார். என் பாத்திரம் ஒருநாளும் அந்த வீட்டிலிருந்து வெறுமையாக வந்ததில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வயிற்றுப் பிள்ளை புரண்டது. நாள் நெருங்கிவிட்டது. இனி மூத்தவளை யார் பார்ப்பது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனேன்.

அத்தான் வெளிவாசலிலேயே நின்றார். என்னை உள்ளே போகச் சொல்லவில்லை.

"அக்காவுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டேன்.

"அந்தப் படத்தை ஆர் தந்தது?"

"எதிர்வீட்டுக்காரர் எறிஞ்சவர். எங்கடை வீட்டுக்காரர் எடுத்தவர்."

"ஏன் அதுக்குப் பழம் கட்டியிருக்கிறீங்கள்? அதைக் கும்பிடுறீங்களோ?"

"ஐயோ, இல்லை. அது கண்ணூறுக்கு."

கண்ணூறை இங்கிலீசில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டைப் பார்க்கிற சனம் பொறாமைப்படும், அந்தப் பொறாமை வீட்டைப் பிடிக்கும், அதற்காக முன்னால் ஒரு பேயைக் கட்டுவோம் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். அத்தான் திரும்பி எங்கள் வளைந்த சட்டத்தையும், கோணலாக நின்ற ஏணியையும், பாதி அடித்த பலகையையும் நிதானமாகப் பார்த்தார்.

"இந்த வீட்டைப் பாத்தோ பொறாமைப்படுவினம்?"

"ஓம்."

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். "அந்தப் படத்திலை இருக்கிறது ஆர் எண்டு நினைச்சீங்கள்?"

"பேய்."

"அது ஜப்பான்காரன். போர்க்காலத்திலை அரசாங்கம் எங்களுக்கு அப்பிடித்தான் கீறிக் காட்டினது. ரயில் ஸ்டேசனிலை, தபால் கந்தோரிலை, பள்ளிக்கூடத்திலை. அவன் மனுசன் இல்லை, குரங்கு எண்டு. உங்கடை வீட்டுக்காரர் அங்கை தொங்கவிட்டிருக்கிற பேய் என்ரை மனுசி."

நான் திரும்பிப் படத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போதும் அதில் அக்கா தெரியவில்லை. பேய்தான் தெரிந்தது. தினமும் வேலிக்கு மேலால் ஒரு ஜப்பான் முகத்தைப் பார்க்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது ஜப்பான் முகம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு மினைக்கெட்டு, அவ்வளவு மஞ்சள் மை பூசி அதைக் கீறியவன் எங்களிடம் தோற்றுப்போனான். ஆனால் எதிர்வீட்டுக் கிழவருக்குத் தெரிந்தது. தெருவுக்கே தெரிந்தது. அக்காவுக்கு யன்னலுக்கு நேரே தெரிந்தது. ஜப்பான்காரியின் வீட்டுக்குப் பக்கத்தில், புதிதாக வந்த கறுத்தச் சனம் வேண்டுமென்றே அதைக் கொழுவி, அடியில் காய் கட்டி, புகையும் காட்டுகிறார்கள் என்று அல்லவா அவர்கள் நினைத்திருப்பார்கள்? கிழவர் ஏன் பியர் கொண்டுவந்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

இவர் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே மறித்தேன்.

"அந்தச் சனியனைக் கழட்டுங்கோ."

"வேலை முடியாமல் வெருளியைக் கழட்டக் கூடாது. உமக்குத் தெரியாதே?"

"அது வெருளி இல்லை. அது அக்காவாம்."

அவர் படத்தைப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். தலையைச் சரித்துப் பார்த்தார். "அக்கா கண்ணாடி போடுறதில்லையே" என்றார்.

நான் சொல்லிச் சொல்லி விளங்கப்படுத்த, அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. ஏணியை எடுத்துச் சாத்தினார். ஏறினார். ஆணியைப் பிடுங்க முடியவில்லை. அவர் வாழ்நாளில் ஒழுங்காக அடித்த ஒரே ஆணிகள் அவைதான். தொங்கிக்கொண்டு இழுத்தார், சட்டம்தான் ஆடியது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் காலடி கேட்டது. அக்கா வந்து நின்றார். கொஞ்சம் தள்ளி அத்தான்.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. அடியில் தொங்கிய தேசிக்காயைத்தான் பார்த்தார்.

"இந்தத் தேசிக்காய் என்னத்துக்கு?"

இவர் ஏணியில் நின்றபடியே சொன்னார். "பேய் பிடிக்கிற இடத்திலை கட்டுறது."

"இதைப் பாத்துச் சனம் பயப்பட வேணும் எண்டோ மாட்டினீங்கள்?"

"ஓம். பயப்படத்தான்."

"நீங்கள் என்னைப் பாத்துப் பயப்படுறீங்களோ?"

நான் மனதுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். என் கணவர் இப்படியான நேரங்களில் நல்ல வார்த்தை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அவர் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்களைப் பாத்துப் பயமில்லை. உங்கடை சோத்தைப் பாத்தால்தான் பயம். என்ரை பிள்ளை உங்களோடை நிக்கேக்கை அந்தக் களியைத் தின்னப் போறாளே எண்டு."

அக்கா தேசிக்காயை விட்டு அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு அக்காவின் தோள் குலுங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுகிறாரோ என்று நான் பயந்து கிட்டப் போனேன், சிரிப்புத்தான். அத்தான் வேலிக்கட்டையில் சாய்ந்துவிட்டார். "அந்தச் சோத்தைத் திண்டு நான் இருபது வருசமா உயிரோடை இருக்கிறன், மேட்" என்றார். இவர் ஏணியில் நின்றபடி, என்ன பகிடி என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்தார்.

அக்கா எப்போதும் வாயைப் பொத்தித்தான் சிரிப்பார். எங்கள் ஊர்ப் பெண்களும் அப்படித்தானே, அவர்கள் ஊர் வழக்கமும் அதுவாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு எங்கள் குசினிக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். வழக்கம் பாதிதான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மாமனார் வீட்டுக் கொட்டிலில் இதே மாதிரி ஒரு படத்தைக் கண்டாராம். அதற்குப் பிறகு தெருவில் யாரும் தன் வாயைப் பார்த்தால், அந்தப் பல்லைத்தான் தேடுகிறார்களோ என்று தோன்றுமாம். "என்ரை பல்லு நல்ல பல்லு. எண்டாலும் கை தானாய்ப் போகுது" என்றார்.   நான் அவருடைய தேத்தண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சீனி போட்டேன்.

அத்தானுக்குப் பேச்சு இதோடு நிற்பது பிடிக்கவில்லை. "நீ பள்ளிக்கூடத்திலை கீறினதைச் சொல்லன்" என்று அக்காவைச் சீண்டினார்.

அக்கா என் கணவரிடம் தச்சுப் பென்சிலை வாங்கினார். மிச்சம் கிடந்த பலகைத் துண்டை மேசையில் வைத்துக் கீறத் தொடங்கினார். கொம்பு, கரடி மயிர், வாழைப்பழம் மாதிரி ஒரு மூக்கு, வாயில் ஒரு சின்னப் பிள்ளையின் கால். வெள்ளைக்காரன். போர்க்காலத்தில் அவர்களின் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் கீறப் பழக்கினார்களாம். அக்கா கீறிய மூக்கு நீளம் காணாது என்று வாத்தியார் திருப்பிக் கீறச் சொன்னாராம். போர் தோற்றுப்போய் முதல் வெள்ளைக்காரச் சிப்பாய் தெருவில் வந்தபோது, பெண்கள் எல்லாரும் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார்களாம். யன்னல் ஓட்டையால் அக்கா பார்த்தது கொம்பு எங்கே என்றுதான். அந்தச் சிப்பாய் சுவிங்கம் சப்பிக்கொண்டு, கக்கூஸ் எங்கே என்று கையால் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அது நான்தான்" என்றார் அத்தான். "கொம்பு தொப்பிக்குள்ளை இருந்தது."

எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. என் சித்தப்பா மலாயாவில் ரயில்வேயில் கிளாக்காக இருந்தவர். ஜப்பான் விமானம் அங்கே தமிழிலும் நோட்டீஸ் போட்டதாம். வெள்ளைத் துரையைப் பன்றியாகக் கீறி, கையில் சவுக்கும் கொடுத்து, ஆசியாக்காரர் எல்லாரும் சகோதரர்கள், உங்களை விடுவிக்க வருகிறோம் என்று. வந்தபிறகு குனிந்து வணங்கவில்லை என்று சித்தப்பாவின் கன்னத்தில் விட்ட அறையில் அவருக்கு ஒரு காது கடைசிவரை கேட்கவில்லை. "துரை ஏச்சோடை விட்டவன், சகோதரன்தான் அடிச்சவன்" என்று சொல்லிச் சிரிப்பார். இதைச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தேன், சொல்லியிருக்கக் கூடாதோ என்று. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "எந்தக் காது?" என்று மட்டும் கேட்டார். "இடது" என்றேன். அவர் தன் இடது காதைத் தொட்டுக்கொண்டார்.

படத்தைக் கோடரியால் கொத்தி எடுப்போம் என்று இவர் எழும்பினார். அக்காதான் மறித்தார். வேலை முடியும் வரைக்கும் வெருளி நிற்க வேண்டும் என்பதுதானே உங்கள் வழக்கம், நிற்கட்டும், ஆனால் அது தனியாக நிற்கக் கூடாது என்றார். தான் கீறிய பலகையைத் தூக்கி இவரிடம் கொடுத்தார். மஞ்சள் பேய்க்குப் பக்கத்தில் வெள்ளைப் பேய் ஏறியது. அதற்கும் ஒரு தேசிக்காயும் மிளகாயும் வேண்டும் என்று அத்தான் பிடிவாதமாக நின்று கட்டுவித்தார்.

மறுநாள் கிழவரின் கார் எங்கள் வாசலில் மெதுவாக வந்து நின்றது. ஹோர்ன் அடிக்கவில்லை. யன்னலை இறக்கி, "இதென்ன?" என்று புதிய படத்தைக் காட்டினார்.

"வெள்ளைப் பேய்" என்றார் என் கணவர், மரியாதையாக.

"இது நல்லாயில்லை. இது அவமானம்."

வேலிக்கு மற்றப் பக்கத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது. "மூக்கு உம்மடை மூக்கு மாதிரித்தான் கிடக்குது, மேட். நல்லா அமைஞ்சிருக்கு."

கிழவர் யன்னலை ஏற்றிக்கொண்டு போனார். பிறகு எங்களைக் கண்டால் பழையபடி மரத்தைத்தான் பார்த்தார். கடைசிவரை அப்படித்தான். கோயிலில் சொல்கிறார்களே, அவர் வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார் என்று, அது நடக்கவில்லை.

எனக்கு வலி வந்தது ஒரு காலைநேரம். இவர் வேலையில் இருந்தார். அத்தான்தான் தன் லொறியில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு பள்ளத்திலும் என்னைவிடப் பெரிதாக அவர் முனகினார். மூத்தவள் தன் சின்னத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்காவின் வீட்டுக்குள் போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எனக்கு அவளைப் பற்றி ஒரு துளிக் கவலையும் இருக்கவில்லை. மகனோடு வீட்டுக்கு வந்தபோது வேலிக்கட்டையின்மேல் என் எவர்சில்வர்க் கிண்ணம் இருந்தது. மூடியைத் திறந்தேன். சோறு. களி மாதிரி, கட்டியாக, ஆவி பறக்க. மகள் அதைத்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தாள். இன்றைக்கும் என் மகள் நான் வடித்த சோற்றைப் பார்த்து, "மம், இட்ஸ் டூ ட்ரை" என்கிறாள். அதற்கு யாரிடம் போய் முறையிடுவது?

அறை வேலை ஒருவழியாக முடிந்தது. முறைப்படி இரண்டு வெருளியையும் பின்வளவில் போட்டுக் கற்பூரம் ஏற்றினோம். மஞ்சள் பேய் முதலில் சுருண்டது. வெள்ளைப் பேய் பலகையில் இருந்ததால் நின்று எரிந்தது. நான் கண்ணை மூடி ஒரு தேவாரம் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அத்தான் அந்தத் தணலின் மேல் கம்பித்தட்டை வைத்துச் சொசேஜ் வாட்டிக்கொண்டு நிற்கிறார். நல்ல தணலை வீணாக்கக் கூடாதாம். மரக்கறி மட்டுமே சாப்பிடுகிற நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பிள்ளையார் மன்னித்திருப்பார். அந்த அறையின் கூரை இதுவரை ஒழுகவில்லை.

அத்தான் இப்போது இல்லை. அக்கா இருக்கிறார். இதை எழுதப் போகிறேன் என்று கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பாவம் எண்டு மட்டும் எழுதாதை." எழுதவில்லை.

வாசிக்கிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். இதை உங்கள் பிள்ளைகளுக்கும், கோயிலில் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் இருப்பது போலவே சொல்லுங்கள். விளக்குமாறு வேண்டாம், கட்டிப்பிடித்து அழுகிறது வேண்டாம், என் கணவரை வீரர் ஆக்கவும் வேண்டாம். கிழவருக்கும் நான் எழுதியதற்கு மேல் பல் வைக்காதீர்கள். ஒருவரின் முகத்தில் இல்லாத பல்லைக் கீறினால் என்ன நடக்கும் என்று ஒரு தெருவில் நான் பார்த்துவிட்டேன். முக்கியமாக ஒன்று. அன்றைக்கு ஏணியடியில் அக்கா கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார் என்று யாராவது சொன்னால், அது அழகாக இருக்கும், நம்பாதீர்கள். கையால் பொத்தித்தான் சிரித்தார். இப்போதும் அப்படித்தான் சிரிக்கிறார்.